தடுப்பு முகாமுக்குள் ஒரு பார்வையாளர்: பிரித்தானியாவில் புகலிடம் கோருவோருக்குத் துணை நிற்க விரும்பும் மாணவருக்கான வழிகாட்டி

பிரித்தானியாவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் குடிவரவுச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். இவர்களை அடைத்து வைப்பது ஒரு குற்றத்துக்கான தண்டனை அன்று. அடைக்கும் முடிவை எடுப்பவர் நீதிபதியும் அல்லர், உள்துறை அமைச்சின் அதிகாரி. எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பொதுவான உச்சவரம்பு கிடையாது. சிறையில் இருப்பவர் விடுதலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று குறைத்து எண்ணலாம், இங்கே நாட்களைக் கூட்டித்தான் எண்ண வேண்டியிருக்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் சொல்வார்கள். இந்த ஏற்பாடு தவறானது என்றும், முடிவுக்கு வர வேண்டும் என்றும் நான் நம்புகிறேன். அப்படி நம்பும் மாணவர் ஒருவர், குறிப்பாகத் தமிழ் பேசும் மாணவர், எங்கிருந்து தொடங்கலாம் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

வரிசையைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்ல வேண்டும். பலர் ஆர்ப்பாட்டத்தில் தொடங்கிப் பிறகு பார்வையாளராகச் செல்ல நினைக்கிறார்கள். இயன்றவரை அதை மாற்றிச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். சந்திப்புக் கூடத்தில் ஒருவருக்கு எதிரே அமர்ந்து ஒரு மணி நேரம் பேசியவர், வெளியே வந்து ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்திருப்பார்.

முதற்படி: உங்களுக்கு அருகில் எந்த முகாம் இருக்கிறது என்று அறிதல்

ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி ஹார்மண்ட்ஸ்வர்த், கோல்ன்புரூக் என்ற இரண்டு முகாம்கள் அருகருகே இருக்கின்றன. கேட்விக் விமான நிலையத்தில் புரூக் ஹவுஸும் டின்ஸ்லி ஹவுஸும் உள்ளன. பெட்ஃபர்ட்ஷயரில் யார்ல்ஸ் வுட், ஸ்கொட்லாந்தில் டன்கேவல், வடகிழக்கில் டர்ஹாம் பகுதியில் பெண்களுக்காக 2021இல் திறக்கப்பட்ட டெர்வென்ட்சைட் ஆகியவை மற்றவற்றில் சில. இவை தவிர, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் குடிவரவு அதிகாரத்தின் கீழ்ச் சாதாரணச் சிறைகளிலேயே வைக்கப்பட்டிருப்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் மிகக் குறைவு.

உங்கள் நகரில் முகாம் இல்லையென்றால் வேலை இல்லை என்று பொருளல்ல. புகலிடம் கோரியவர்களை அரசு நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்துவதால், அநேகமாக எல்லாப் பல்கலைக்கழக நகரங்களிலும் அவர்கள் வாழ்கிறார்கள். தாமே சமைத்துக்கொள்ளும் விடுதிகளில் இருப்பவருக்கு 2024 ஜனவரியில் வகுக்கப்பட்ட வாராந்த உதவித்தொகை 49.18 பவுண்ட். வேலை செய்ய அனுமதியில்லை. முடிவுக்காக 12 மாதங்கள் காத்திருந்த பிறகு அனுமதி கேட்கலாம், அதுவும் அரசின் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டுமே. இந்தத் தொகைக்குள் பேருந்துக் கட்டணம் எத்தனை முறை அடங்கும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், ஆங்கில உரையாடல் வகுப்புக்கு வருகிறவருக்குப் பயணச் செலவைக் கொடுப்பது ஏன் வகுப்பை நடத்துவதற்குச் சமமான உதவி என்பது விளங்கும்.

இரண்டாம் படி: தனியாகப் போகாமல் ஓர் அமைப்பில் சேர்தல்

நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் 1994இல் தொடங்கிய ‘ஸ்டார்’ என்ற மாணவர் அமைப்புக்கு இன்று பல பல்கலைக்கழகங்களில் கிளைகள் உண்டு. ஆங்கில உரையாடல் வகுப்பு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி, கட்டணச் சலுகைக்கான பரப்புரை ஆகியவை அதன் வழக்கமான பணிகள். முகாம்களுக்குப் பார்வையாளர்களை அனுப்பும் குழுக்கள் தனியானவை. அவற்றை இணைக்கும் ‘ஏவிட்’ என்ற வலையமைப்பைக் கேட்டால் உங்களுக்கு அருகிலுள்ள குழு எது என்று சொல்வார்கள். ஒக்ஸ்ஃபர்டில் ‘அசைலம் வெல்கம்’, இலண்டனில் ‘டிடென்ஷன் அக்ஷன்’ போன்றவை நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. பிணை மனுக்களுக்கு உதவும் ‘பிட்’ என்ற அமைப்பின் பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதை அடிக்கடி சொல்ல வேண்டி வரும்.

குழுவில் சேர்ந்தவுடன் பயிற்சி தருவார்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதானால் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். அண்மையில் நாட்டுக்கு வந்தவரென்றால் சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் கேட்கப்படலாம், அதற்கு நாளாகும்.

மாணவர் விசாவில் வந்திருப்பவர் இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது பலருக்குத் தெரியும். சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பந்தக் கடமை எதுவுமின்றி ஓர் அறநிறுவனத்துக்குத் தன்விருப்பில் உதவுவது வேறு, நிலையான நேரமும் பொறுப்பும் வரையறுக்கப்பட்ட சம்பளமில்லாப் பதவி வேறு. உங்கள் பணி எந்த வகை என்பதை அமைப்பிடமும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும்போதே உங்கள் பரீட்சைக் காலத்தையும் விடுமுறைகளையும் சொல்லிவிடுங்கள். மாணவர் குழுக்களின் பெரிய குறை இதுதான்: ஒக்டோபரில் முப்பது பேர் சேர்கிறார்கள், டிசம்பரில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். முகாமில் இருப்பவருக்கு டிசம்பர்தான் ஆண்டின் மிக நீண்ட மாதம், சட்டத்தரணியின் அலுவலகம்கூடப் பூட்டியிருக்கும். அந்த நாட்களில் இலண்டனிலேயே தங்கிவிடும் வெளிநாட்டு மாணவர் இரண்டு பேர் இருந்தால், அந்தக் குழுவுக்கு அது பெரும் பலம்.

மூன்றாம் படி: தாண்டக் கூடாத கோடு

1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, தகுதி பெற்றவர் மட்டுமே குடிவரவு ஆலோசனை வழங்கலாம். தகுதியற்றவர் வழங்கினால், காசு வாங்காமல் செய்தாலும், அது குற்றம். சட்டத்தரணிகள் அல்லாத ஆலோசகர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அலுவலகம் 2025 தொடக்கத்திலிருந்து ‘குடிவரவு ஆலோசனை அதிகார சபை’ என்ற புதிய பெயரில் இயங்குகிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? ‘இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டால் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லலாம். ‘இதற்கு நான் மேன்முறையீடு செய்ய வேண்டுமா, புதிதாகக் கேஸ் கொடுக்க வேண்டுமா?’ என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லக் கூடாது. ‘அதை உங்கள் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும், சட்டத்தரணி இல்லையென்றால் ஒருவரைத் தேட நான் உதவுகிறேன்’ என்று சொல்லலாம். இங்கிலாந்திலுள்ள தடுப்பு முகாம்களில் சட்ட உதவித் திட்டத்தின் கீழ் அரை மணி நேர இலவச ஆலோசனை கிடைக்கும், அதற்குப் பெயர் பதிய வேண்டும். ‘பெயர் பதிந்துவிட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வி, சட்டம் படிக்கும் மாணவர் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்லும் பத்துத் தீர்ப்புகளை விடப் பயனுள்ளது. தவறான ஆலோசனையால் தவணை தவறிப்போனால் அதன் விலையைக் கொடுப்பவர் நீங்கள் அல்லர் என்பதால்தான் இந்தக் கோடு இருக்கிறது.

நான்காம் படி: முதற் சந்திப்பு

சந்திப்பை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பார்க்கப் போகிறவரின் முழுப் பெயர் உள்ளே பதிவாகியிருக்கும் எழுத்துகளிலேயே தேவை. தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்ற குழப்பத்தால் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்ற பதில் வருவது உண்டு. பெயரை மாற்றிப் போட்டும் தேடும்படி பணிவாகக் கேளுங்கள். செல்லும் நாளில் கடவுச்சீட்டு போன்ற புகைப்பட அடையாளமும், முகவரியைக் காட்டும் ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். என்னென்ன ஏற்றுக்கொள்ளப்படும் என்பது முகாமுக்கு முகாம் வேறுபடுவதால் பதியும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி, பை, பேனை எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். உடலைத் தடவிச் சோதிப்பார்கள். சில்லறைக் காசு கொஞ்சம் வைத்திருங்கள், பெட்டகத்துக்கும் தேநீர் இயந்திரத்துக்கும் உதவும். இந்தச் சோதனைகளுக்கே அரை மணி நேரம் போய்விடலாம்.

நான் முதல்முறை சென்றபோது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தாளும் பெட்டகத்துக்குள் போயிற்று. அது நல்லதாகவே முடிந்தது. எதிரே அமர்ந்திருந்த அண்ணர் அதுவரை எத்தனையோ பேருக்குத் தன் கதையை முதலிலிருந்து சொல்லியிருந்தார், இன்னொரு விசாரணை அவருக்குத் தேவைப்படவில்லை. அன்று நாங்கள் பெரும்பாலும் பேசியது முகாமில் சோறு எப்படி வேகாமல் வருகிறது என்பதையும், மணிக்கு 1 பவுண்ட் கூலிக்கு அவர் உள்ளே செய்யும் துப்புரவு வேலையையும் பற்றித்தான். வழக்கைப் பற்றி அவரே மூன்றாவது சந்திப்பில் பேசத் தொடங்கினார்.

ஆகவே, ஏன் வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், உங்களுக்கு என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகளையும் நீங்களாகக் கேட்க வேண்டாம். ‘கட்டாயம் வெளியே வந்துவிடுவீர்கள்’ என்றும் சொல்ல வேண்டாம். உங்களால் காக்க முடிந்த வாக்குறுதி ‘அடுத்த புதன்கிழமை இரண்டு மணிக்கு வருவேன்’ என்பது ஒன்றே. அதைக் காப்பாற்றுங்கள். வர முடியாமற்போனால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் அதற்காகச் சவரம் செய்து சட்டை மாற்றிக் காத்திருப்பார். உங்கள் வீட்டு முகவரியைக் கொடுப்பது, கடன் கொடுப்பது, பிணையில் நிற்க ஒப்புக்கொள்வது ஆகியவற்றில் எதையும் குழுவின் ஒருங்கிணைப்பாளரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இரக்கத்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டு பின்னர் விலகுவது, தொடக்கத்திலேயே மறுப்பதை விடக் கொடியது.

ஐந்தாம் படி: தமிழ் பேசுகிறவருக்கு உள்ள கூடுதல் பொறுப்பு

தமிழில் பேச ஒருவர் வந்திருக்கிறார் என்றதும் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலங்கையிலிருந்து வந்தவர் சிலருக்குத் தமிழில் கேள்வி கேட்கப்பட்ட இடங்களின் நினைவு நல்லதாக இராது. விசாரணை அறையில் மொழிபெயர்த்தவனும், முகமூடியோடு தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவனும் தமிழ் பேசியவர்களே. ஆதலால் நீங்கள் யார், எந்தக் குழுவிலிருந்து வருகிறீர்கள், தூதரகத்தோடும் உள்துறை அமைச்சோடும் உங்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது வெளியே போகாது என்பதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். ஊர் எது, யாருடைய மகன், எந்தப் பாடசாலை என்று நம் வழக்கப்படி உறவு தேடும் கேள்விகள் அன்பினால் வருவனதான். ஆனால் அந்த அறையில் அவை விசாரணைபோல ஒலிக்கும். அண்ணை, அக்கா, தம்பி என்று அழைப்பதே போதும்.

இலண்டன் தமிழ்ச் சமூகம் சிறியது. ஹாரோவில் சொன்னது ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு வார இறுதியில் போய்ச் சேர்ந்துவிடும். ‘பெயர் சொல்லாமல்’ கோயிலில் சொன்ன கதையிலிருந்தும் ஆளை அடையாளம் காண்பார்கள். குடும்பத்துக்குக்கூட அவர் தடுப்பில் இருப்பது தெரியாமலிருக்கலாம், பல பெண்கள் அதை ஊரில் இருக்கும் தாயிடம் மறைத்தே வைத்திருப்பார்கள். படமெடுத்துப் பகிர்வதைப் பற்றியும் இதையே சொல்வேன். புலம்பெயர் தமிழரின் அரசியற் செயற்பாடுகளை இலங்கை அரசு கண்காணிக்கிறது என்பதை இங்குள்ள மேல் தீர்ப்பாயமே 2021இல் தன் வழிகாட்டுத் தீர்ப்பில் ஏற்றிருக்கிறது. ஆர்ப்பாட்டத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவது, அவருக்குப் பின்னால் ஊரில் இருக்கும் குடும்பத்தையும் சேர்த்து வெளியிடுவதாகும்.

மொழிபெயர்ப்பிலும் அளவு வேண்டும். கடையில், மருத்துவரின் வரவேற்பு மேசையில், குழு அலுவலகத்தில் நீங்கள் உதவலாம். புகலிட நேர்காணல், சட்டத்தரணியோடு வாக்குமூலம், தீர்ப்பாயம் ஆகிய இடங்களில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரே இருக்க வேண்டும். ‘இயக்கத்துக்கு உதவினேன்’ என்பதற்கும் ‘இயக்கத்தில் இருந்தேன்’ என்பதற்கும் இடையே ஒரு வழக்கே தொங்கும்.

ஆறாம் படி: அவசரம் வந்தால்

‘டிக்கெட் கொடுத்துவிட்டார்கள்’ என்று தொலைபேசியில் கேட்டால், நாடுகடத்தும் அறிவித்தல் வந்துவிட்டது என்று பொருள். அப்போது ஆறுதலை விடத் தகவல்தான் முதலில் வேண்டும். அறிவித்தலில் உள்ள திகதி, நேரம், விமான இலக்கம், கையில் கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, சட்டத்தரணிக்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள். சட்டத்தரணி இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளர் அடுத்து யாரை அழைப்பது என்று அறிவார்.

சித்திரவதைக்கு உள்ளானதாக ஒருவர் உங்களிடம் சொன்னால், ‘முகாம் மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா, சட்டத்தரணிக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். 2001ஆம் ஆண்டுத் தடுப்பு மைய விதிகளின் 35ஆம் விதி, சித்திரவதைக்கு உள்ளாகியிருக்கலாம் என்று தோன்றுபவரைப் பற்றி மருத்துவர் அறிக்கை தர வேண்டும் என்கிறது, அந்த அறிக்கை விடுதலைக்கு வழி திறக்கலாம். ஆனால் கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை, கேட்பவருக்கும் தாமதமாகும். தழும்புகள் பற்றிய மருத்துவச் சான்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சான்று. அந்தத் தழும்புகளைத் தானே பிறரைக் கொண்டு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று மேல் தீர்ப்பாயம் கருதியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால் இரகசியம் காக்கும் வாக்கு அங்கே முடிகிறது. முகாம் ஊழியருக்கும் குழுவுக்கும் உடனே சொல்ல வேண்டும், சொல்லப் போவதை அவரிடமும் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை நீங்களும் தனியாக அறைக்குத் திரும்பாமல் ஒருங்கிணைப்பாளரோடு பேசிவிட்டுப் போங்கள்.

ஏழாம் படி: தடுப்பையே எதிர்த்தல்

பார்க்கப் போவது மட்டும் போதாது என்று சில மாதங்களில் தோன்றும். அந்த எண்ணம் சரியானதே.

எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். புரூக் ஹவுஸில் 2017இல் நடந்தவை மறைகாணி வழியே பிபிசி தொலைக்காட்சியில் வெளிவந்த பிறகு, கேட் ஈவ்ஸ் தலைமையில் பொது விசாரணை நடந்தது. 2023 செப்டம்பரில் வெளியான அறிக்கை, ஐந்து மாதங்களுக்குள் 19 நிகழ்வுகளில் மனிதாபிமானமற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்தைக்கு நம்பத்தக்க சான்று இருப்பதாகக் கண்டது. அது முன்வைத்த 33 பரிந்துரைகளில் ஒன்று, தடுப்புக்கு 28 நாள் உச்சவரம்பு. அரசு அதை ஏற்கவில்லை. வரம்பு சாத்தியமில்லை என்று யாராவது சொன்னால், கர்ப்பிணிப் பெண்களைத் தடுத்து வைப்பதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் 72 மணி நேர வரம்பு விதித்ததை எடுத்துக் காட்டுங்கள். அமைச்சரின் அனுமதியோடு ஒரு வாரம் வரை நீட்டலாம் என்றாலும் வரம்பு வரம்புதான், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. எண்களையும் கையில் வைத்திருங்கள்: 2018 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் தடுப்பிலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாடுகடத்தப்படவில்லை, பிணையில் விடப்பட்டார்கள். அப்படியானால் எதற்காக அடைத்தார்கள் என்ற கேள்விக்கு அமைச்சுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

விடாமுயற்சிக்கு ஒக்ஸ்ஃபர்டுக்கு அருகிலுள்ள கேம்ப்ஸ்ஃபீல்ட் ஹவுஸைப் பாருங்கள். 1993இல் அது தடுப்பு முகாமாகத் திறக்கப்பட்டதிலிருந்து, ஊர் மக்களும் தொழிற்சங்கத்தினரும் மாணவரும் மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை அதன் வேலிக்கு வெளியே கூடினார்கள். 2018இல் அது மூடப்பட்டது. மீண்டும் திறக்கும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டதும், பழையவர்கள் வீடுகளில் வைத்திருந்த பதாகைகளோடு புதிய மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதே இயக்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் தீர்ப்பாயங்களின் பார்வையாளர் இருக்கைகளில் அமர்ந்து பிணை விசாரணைகளைக் குறிப்பெடுத்து 2011இல் அறிக்கையாக வெளியிட்டதும் உண்டு. பிணை விசாரணை பொதுவில் நடப்பது, எவரும் போய் அமரலாம். நீதிபதி எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார், மொழிபெயர்ப்பு நடந்ததா, சட்டத்தரணி இருந்தாரா என்று குறித்து வைப்பது மாணவருக்கு மிகவும் பொருந்திய வேலை.

பல்கலைக்கழகத்துக்குள்ளும் செய்ய நிறைய உண்டு. இங்கிலாந்தில் புகலிடம் கோரியவர் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தையே பொதுவாகக் கட்ட வேண்டும், மாணவர் கடனும் கிடையாது. ஆகவே புலமைப்பரிசில் கேட்டு மாணவர் ஒன்றியத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். முகாம்களை நடத்துபவை தனியார் நிறுவனங்கள். அவற்றோடு உங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதலீடோ ஒப்பந்தமோ இருக்கிறதா என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது, வடிவக் கடிதத்தை விட நீங்கள் கண்டதை ஆளை அடையாளம் காட்டாமல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விசாவில் இருப்பவருக்கும் அமைதியான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ள உரிமை உண்டு. ஆனால் கைதோ காவல்துறை எச்சரிக்கையோ விசாவைப் பாதிக்கக் கூடும் என்பதால் வாயிலை மறிப்பது போன்ற செயல்களில் யார் இறங்குவது என்பதைக் குழு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

தமிழருக்கு இது பிறர் வீட்டுக் கதையும் அன்று. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் விமான ஓடுதளத்தில் ஆடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டில் ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பல் மிதக்கும் தடுப்பு முகாமாக்கப்பட்டு, அதில் தமிழர்களும் அடைக்கப்பட்டார்கள். ஒக்டோபர்ப் பெரும் புயலில் கப்பல் கட்டறுந்து போனது. அத்தோடு அந்த முகாமும் முடிந்தது.

எட்டாம் படி: வெளியே வந்த பிறகு

விடுதலையாகும் நாளில் தொடர்பு அறுந்துபோவதே வழக்கம். முன்னறிவித்தல் இன்றி மாலையில் வாயிலைத் திறந்து விடுவார்கள், அல்லது முந்நூறு மைல் தொலைவில் உள்ள விடுதிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகும் குறித்த நாட்களில் அமைச்சின் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், அங்கேயே மீண்டும் பிடித்துக்கொள்ளப்படுவதும் நடக்கிறது. கையெழுத்து வைக்கப் போகிறவரோடு ஒருவர் துணைக்குப் போய் வெளியே நிற்பதும், அவர் சொன்ன நேரத்துக்குள் வராவிட்டால் சட்டத்தரணிக்கு அழைப்பதும் எளிய உதவிகள். கையெழுத்து நாளுக்கு முன் மருந்துச் சீட்டின் நகலும் சட்டத்தரணியின் இலக்கமும் உங்களிடம் இருக்கட்டும்.

அவர் வேறு நகரத்துக்குப் போகிறாரென்றால், அவருடைய சம்மதத்தோடு அந்த நகரத்து மாணவர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எப்போது வந்து சேர்கிறார், தமிழ் பேசுபவர் அங்கே இருக்கிறாரா, உரையாடல் வகுப்பு எந்த நாளில், எந்தப் பேருந்தில் போக வேண்டும். முதல் வகுப்புக்கு அவரை யாராவது விடுதி வாசலிலிருந்து அழைத்துப் போக முடியுமா என்றும் கேளுங்கள். தனியாகத் தேடிப் போகச் சொன்னால் பெரும்பாலும் போகமாட்டார்.